உலக அரசியல் ஆய்வுச் சஞ்சிகையின் தாக்கத்தை அளப்பது எப்படி? வன்னியிலிருந்து பார்ப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த பிறகு, உலக அரசியல் படிப்பவர்களுக்கு வன்னி ஒரு பாடப்பொருளாகிவிட்டது. மனிதாபிமானத் தலையீடு, நிலைமாறுகால நீதி, மீள்குடியேற்றம், காணி, காணாமல் ஆக்கப்பட்டோர் என்று எந்தத் தலைப்பை எடுத்தாலும் கிளிநொச்சியோ முல்லைத்தீவோ உதாரணமாக வந்து நிற்கும். ஆய்வாளர்கள் வந்தார்கள், சனங்களோடு கதைத்தார்கள், பதிவு செய்துகொண்டு போனார்கள். அவை கட்டுரைகளாகிப் பெரிய பெரிய சஞ்சிகைகளில் வெளிவந்தன. அந்தச் சஞ்சிகைகள் யாரிடம் போய்ச் சேர்ந்தன, எதையாவது மாற்றினவா என்று கேட்டால் பெரும்பாலும் ஓர் எண்ணைத்தான் காட்டுவார்கள், இம்பக்ட் ஃபக்டர் என்று சொல்வார்கள்.

அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, அதற்கு அப்பால் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி. பம்பைமடுவில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழக மாணவர், முதல் கட்டுரையை எங்கே அனுப்புவது என்று யோசிக்கும் இளம் விரிவுரையாளர், வெளிநாட்டு ஆய்வுக்குழு ஒன்றுக்கு உதவி செய்யும் கிளிநொச்சி சமூகசேவையாளர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஒரு மடிக்கணினி, கொஞ்சம் டேட்டா, எக்செல் போன்ற ஏதாவது ஒரு விரிதாள் போதும். கட்டணம் கட்ட வேண்டிய கருவி எங்கே வருகிறதோ, அங்கே இலவசமாக என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

படி 1: எந்தத் தாக்கம் என்று முதலில் முடிவெடுங்கள்

தாக்கம் என்று பொதுவாகச் சொன்னால் அளக்க முடியாது. உலக அரசியல் சஞ்சிகை ஒன்றுக்கு மூன்று வாசகர் கூட்டம் உண்டு. மற்ற ஆய்வாளர்கள் முதலாவது. வெளியுறவு அமைச்சுகள், ஐ.நா. அமைப்புகள், நீதிமன்றங்கள், தொண்டு நிறுவனங்கள் இரண்டாவது. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அந்த மக்கள் மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் அளவுகோல் வேறு. மூன்றையும் தனித்தனியே அளந்து தனித்தனியே எழுதுங்கள். கூட்டி ஒற்றை மதிப்பெண் ஆக்க வேண்டாம். முதலாவதில் மிக உயரத்தில் நிற்கும் சஞ்சிகை மூன்றாவதில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், கூட்டினால் அது மறைந்துபோகும்.

படி 2: சஞ்சிகை யார், எப்படிப்பட்டது என்று பாருங்கள்

முதல் வேலை அது உண்மையான சஞ்சிகைதானா என்று உறுதிசெய்வது. சஞ்சிகைக்கு உரிய எட்டு இலக்க அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை எடுத்து மூன்று இடத்தில் தேடுங்கள்: ஸ்கோப்பஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தின் மூலங்கள் பட்டியல், அதைப் போன்ற வெப் ஒஃப் சயன்ஸின் மாஸ்டர் ஜேர்னல் லிஸ்ட், எவரும் கட்டணமின்றி வாசிக்கக்கூடிய திறந்த அணுக்கச் சஞ்சிகைகளுக்கான டி.ஓ.ஏ.ஜே. மூன்றையும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். பெயரை வைத்துத் தேடினால் ஏமாறுவீர்கள். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் சஞ்சிகைகள் ஏராளம். நல்ல சஞ்சிகையின் பெயரையும் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பட்டியலில் உள்ள பதிப்பாளரின் பெயரும் நீங்கள் பார்க்கும் தளத்தில் உள்ள பதிப்பாளரின் பெயரும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். அறிமுகமே இல்லாத சஞ்சிகையிடமிருந்து "உங்கள் அரிய ஆய்வை அனுப்புங்கள், பத்து நாளில் வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சல் வந்து, கூடவே கேள்விப்படாத ஒரு "குளோபல் இம்பக்ட்" எண்ணும் டொலர் கட்டணமும் இருந்தால், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எங்கள் மாணவர்கள் இதில் அநியாயமாகக் காசு இழக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து, அது எந்த வகைச் சஞ்சிகை? இந்தத் துறையில் மூன்று வகை கண்ணில் படும். கோட்பாடும் வாதமும் முதன்மையாக உள்ளவை: 1947 இல் தொடங்கிய 'இன்டர்நஷனல் ஓர்கனைசேஷன்', 1948 இல் தொடங்கிய 'வேர்ல்ட் பொலிற்றிக்ஸ்' போன்றவை. மோதலையும் சமாதானத்தையும் பெரும்பாலும் தரவுகளோடு ஆராய்பவை: 1957 இன் 'ஜேர்னல் ஒஃப் கொன்ஃபிளிக்ட் ரெசலூஷன்', ஒஸ்லோ சமாதான ஆய்வு நிறுவனத்தில் 1964 இல் பிறந்த 'ஜேர்னல் ஒஃப் பீஸ் ரிசேர்ச்' போன்றவை. கொள்கை வகுப்பவர்களை நோக்கிப் பேசுபவை: 1922 இல் தொடங்கிய 'ஃபொரின் அஃபெயார்ஸ்', அதே ஆண்டில் லண்டனின் சதம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனம் தொடங்கிய 'இன்டர்நஷனல் அஃபெயார்ஸ்' போன்றவை. இவற்றைக் கலந்து ஒப்பிடக் கூடாது. 'ஃபொரின் அஃபெயார்ஸ்' எழுத்தாளரில் அமைச்சரும் தூதுவரும் இருப்பார்கள், கட்டுரைகளில் அடிக்குறிப்பு அரிது. மற்றவை அப்படியல்ல.

படி 3: மேற்கோள் எண்களை வாசிக்கப் பழகுங்கள்

ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரை ஆதாரமாகக் குறிப்பிடுவதைத்தான் இங்கே மேற்கோள் என்கிறோம். எதை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பட்டியலிடும் மேற்கோள் சுட்டி என்ற யோசனையை அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்ட் 1955 இல் முன்வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் தாக்கக் காரணி, அதாவது இம்பக்ட் ஃபக்டர். 1975 முதல் 'ஜேர்னல் சைற்றேஷன் ரிப்போர்ட்ஸ்' என்ற பெயரில் ஆண்டறிக்கையாக வருகிறது. இப்போது அதை வெளியிடுவது கிளரிவேற் நிறுவனம். எந்தச் சஞ்சிகையை வாங்கலாம் என்று நூலகர்கள் முடிவெடுக்க உதவிய எண் அது. பிற்காலத்தில் ஆளை மதிப்பிடவும், பதவி உயர்வு கொடுக்கவும், நிதி ஒதுக்கவும் அதையே பிடித்துக்கொண்டார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

கணக்கு எளிது. ஒரு சஞ்சிகை 2022 இலும் 2023 இலும் தலா 30 கட்டுரை வெளியிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு ஆண்டு வெளியீடுகளை 2024 இல் வந்த எழுத்துகள் மொத்தம் 150 தடவை மேற்கோள் காட்டின. 150 ஐ 60 ஆல் வகுத்தால் 2.5. இதுதான் 2024 ஆம் ஆண்டின் தாக்கக் காரணி.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மேலே உள்ள 150 இல் ஆசிரியர் தலையங்கம், புத்தக விமர்சனம் ஆகியவற்றுக்குக் கிடைத்த மேற்கோளும் சேரும். கீழே உள்ள 60 இல் ஆய்வுக் கட்டுரையும், முந்திய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் மீளாய்வுக் கட்டுரையும் மட்டுமே சேரும். ஆகவே பேசப்படும் தலையங்கம் ஒன்று வந்தாலே எண் உயர இடமுண்டு. இரண்டாவது விஷயம் கால எல்லை. அரசியல் ஆய்வு மெதுவாக நடக்கும் காரியம். ஒருவர் கட்டுரையை வாசித்து, களத்துக்குப் போய், எழுதி, மதிப்பாய்வு முடிந்து வெளிவருவதற்குள் இரண்டு ஆண்டு ஓடிவிடும். மருத்துவத்துக்குப் பொருந்தும் இரண்டு ஆண்டு ஜன்னல் எங்களுக்குக் குறுகியது. எனவே ஐந்தாண்டுத் தாக்கக் காரணி கிடைத்தால் அதை எடுங்கள்.

கிளரிவேற்றின் முழு அறிக்கைக்குச் சந்தா வேண்டும். சந்தா இல்லாதவர்களுக்கு வேறு எண்கள் இருக்கின்றன, அவற்றில் சில தாக்கக் காரணியைவிட நேர்மையானவை என்பது என் எண்ணம். சைற்ஸ்கோர் என்பது ஸ்கோப்பஸ் தரவில் நான்கு ஆண்டுகளைக் கணக்கிடுவது, 2016 இல் வந்தது, இலவசம். அதே ஸ்கோப்பஸ் தரவிலிருந்து வரும் இன்னோர் எண்ணான எஸ்.ஜே.ஆர். மூன்று ஆண்டுகளைப் பார்க்கும். எல்லா மேற்கோளுக்கும் ஒரே மதிப்புக் கொடுக்காமல், மதிப்புள்ள சஞ்சிகையிலிருந்து வரும் மேற்கோளுக்குக் கூடிய நிறை கொடுக்கும். இதுவும் இலவசம். 'அரசியல் விஞ்ஞானமும் சர்வதேச உறவுகளும்' என்ற பிரிவைத் தெரிவுசெய்தால் சஞ்சிகைகளைக் கியூ 1 முதல் கியூ 4 வரை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்துக் காட்டும், கியூ 1 தான் உச்சம். ஸ்னிப் என்பது லெய்டன் பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் உருவானது. துறைக்குத் துறை மேற்கோள் காட்டும் பழக்கம் மாறுபடுவதைச் சரிசெய்து தருவதுதான் அதன் சிறப்பு. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான கூகுள் ஸ்கொலரில் எச்5 குறியீடு இருக்கிறது: கடந்த ஐந்து முழு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளில் 40 கட்டுரை ஒவ்வொன்றும் குறைந்தது 40 மேற்கோள் பெற்றிருந்தால் எச்5 என்பது 40. ஐந்து ஆண்டில் 100 கட்டுரைக்குக் குறைவாக வெளியிடும் சஞ்சிகையை அது சேர்ப்பதில்லை. அதனால் சிறிய, தரமான சஞ்சிகைகள் அங்கே காணக் கிடைக்காது. இல்லை என்றவுடன் தரமில்லை என்று நினைக்க வேண்டாம்.

விரிதாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூலம், ஆண்டு, பார்த்த திகதி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். திகதி இல்லாத எண்ணை மூன்று மாதம் கழித்து நீங்களே நம்பமாட்டீர்கள்.

படி 4: சராசரியை உடைத்துப் பாருங்கள்

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் முக்கியமானது இந்தப் படி. பெரும்பாலானவர்கள் இங்கே வராமலே முடித்துவிடுகிறார்கள்.

மேலே சொன்ன 2.5 க்குத் திரும்புவோம். அந்த 150 மேற்கோளில் ஒரே ஒரு கட்டுரை 54 ஐயும் இன்னொன்று 21 ஐயும் எடுத்துக்கொண்டன என்று வையுங்கள். மிச்சம் 75 மேற்கோள் 58 கட்டுரைகளுக்கு. சராசரி 1.3 க்கு இறங்கிவிடுகிறது. அதில் 22 கட்டுரைக்கு ஒரு மேற்கோள்கூட இல்லை என்றால், இந்தச் சஞ்சிகையில் கட்டுரை போட்டால் 2.5 மேற்கோள் கிடைக்கும் என்று எவரும் சொல்ல முடியாது. ஒரே கட்டுரை சஞ்சிகையின் எண்ணை எவ்வளவு தூரம் தூக்கிவிடும் என்பதற்கு அறிவியல் உலகில் பெயர்பெற்ற உதாரணம் உண்டு. படிகவியல் சஞ்சிகையான 'அக்டா கிறிஸ்டலோகிராஃபிக்கா' வின் ஏ பிரிவு, இரண்டைச் சுற்றியிருந்த தாக்கக் காரணியிலிருந்து 2009 இல் 49.926 க்குத் தாவியது. 2008 இல் வந்த ஒரு கட்டுரை, படிகவியலாளர்கள் எல்லாரும் பயன்படுத்தும் மென்பொருளைப் பற்றியது, அவ்வளவுதான் காரணம். மற்றக் கட்டுரைகள் எப்போதும் போலவே இருந்தன.

இதை நீங்களே செய்து பார்க்க 'பப்ளிஷ் ஓர் பெரிஷ்' என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். ஆன்-வில் ஹார்சிங் என்ற பேராசிரியர் 2006 முதல் பராமரித்து வருவது. சஞ்சிகையின் பெயரையும் ஆண்டுகளையும் கொடுத்தால் கட்டுரைப் பட்டியலையும் மேற்கோள்களையும் எடுத்துத் தரும், விரிதாளாகச் சேமிக்கலாம். கூகுள் ஸ்கொலரை மூலமாகக் கொடுத்து அடுத்தடுத்துத் தேடினால் தற்காலிகமாகத் தடுத்துவிடும். இடைவெளி விட்டுத் தேடுங்கள், அல்லது ஓப்பன் அலெக்ஸை மூலமாகத் தெரிவுசெய்யுங்கள். ஓப்பன் அலெக்ஸ் 2022 இல் தொடங்கிய திறந்த தரவுத்தளம். சந்தா இல்லாமல் இணையத்திலும் நேரடியாகத் தேடலாம்.

பட்டியல் கையில் வந்ததும் மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். நடுவில் நிற்கும் கட்டுரைக்கு எத்தனை மேற்கோள் என்று பாருங்கள், அதுதான் இடையம். பூச்சியம் வாங்கியவை எத்தனை வீதம் என்று எழுதுங்கள். முதல் இரண்டு மூன்றை நீக்கிவிட்டுச் சராசரியைத் திரும்பக் கணக்கிடுங்கள். சஞ்சிகை தன்னைத்தானே மேற்கோள் காட்டும் வீதத்தையும் பாருங்கள். ஓரளவு இருப்பது இயல்பு, ஒரே வாதம் ஒரே சஞ்சிகையில் தொடர்ந்து நடக்கும். மேற்கோளில் பெரும்பங்கு வீட்டுக்குள்ளிருந்தே வந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

அப்புறம் நாட்டைப் பாருங்கள். ஓப்பன் அலெக்ஸில் ஒரு சஞ்சிகையின் கட்டுரைகளை ஆசிரியர்களின் நிறுவனம் எந்த நாட்டில் உள்ளது என்று பிரித்துப் பார்க்கலாம். மேற்கோள் காட்டியவர்களையும் அப்படியே பிரிக்கலாம். சஞ்சிகையின் தளத்தில் ஆசிரியர் குழுப் பக்கத்தைத் திறந்து அங்கும் நாடுகளை எண்ணுங்கள். உலக அரசியல் என்று பெயர் வைத்திருக்கும் சஞ்சிகையில் எழுதுபவர், மதிப்பிடுபவர், மேற்கோள் காட்டுபவர் எல்லாரும் நான்கைந்து நாட்டுக்குள் இருந்தால், அதன் வீச்சு அந்த நான்கைந்து நாட்டு வீச்சுத்தான். நீங்கள் எழுதும் அறிக்கையில் இந்த ஒரு வரி இருந்தாலே பெரிய விஷயம்.

படி 5: வன்னி பற்றிய கட்டுரைகளைத் தனியே பிரித்தெடுங்கள்

சஞ்சிகை முழுவதையும் அளந்தாயிற்று. இனி அதே சஞ்சிகை எங்கள் மண்ணைப் பற்றி என்ன வெளியிட்டது, அது எங்கே போனது என்று பார்க்க வேண்டும்.

தேடல் சொல்லில் கவனம். வன்னியை ஆங்கிலத்தில் வி எழுத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், டபிள்யூ எழுத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள். இரண்டையும் தேடாவிட்டால் ஒரு பங்கு தவறிப்போகும். வி எழுத்தில் தேடினால் இத்தாலிய ஆட்பெயர்கள் வந்து குவியும், அதனால் கூடவே இலங்கை என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முல்லைத்தீவை ஆங்கிலத்தில் இரட்டை T போட்டும் ஒற்றை T போட்டும் எழுதுவார்கள். முள்ளிவாய்க்காலுக்கு இன்னும் பல எழுத்து வடிவம். கிளிநொச்சி, வவுனியா, மன்னார், கேப்பாப்புலவு என்று ஊர்ப்பெயரையும் போட்டுத் தேடுங்கள். 'வட இலங்கை', 'முன்னாள் போர் வலயம்' என்று பொதுப்பெயருக்குள் வன்னியை ஒளித்து எழுதும் கட்டுரைகள் நிறைய, தகவல் தந்தவர்களின் பாதுகாப்புக்காக அப்படிச் செய்வதும் உண்டு.

கிடைத்த கட்டுரைகளில் கூடுதலாக மேற்கோள் பெற்ற மூன்று நான்கை எடுங்கள். கூகுள் ஸ்கொலரில் ஒவ்வொன்றின் கீழும் மேற்கோள் காட்டியவை என்ற இணைப்பு இருக்கும். அதைத் திறந்து, கிடைக்கும் கட்டுரைகளுக்குள் போய், மேற்கோள் வரும் வசனத்தை வாசியுங்கள். இது பொறுமையான வேலை, ஆனால் வேறு எந்தக் கருவியும் இதைச் சொல்லித் தராது. வசனத்தைப் படித்து விரிதாளில் குறியுங்கள்: வாதத்தை ஏற்று வளர்க்கிறாரா, மறுக்கிறாரா, தரவை எடுத்துப் பயன்படுத்துகிறாரா, அல்லது அடைப்புக்குறிக்குள் ஐந்து பெயரில் ஒன்றாகப் போட்டுவிட்டுப் போகிறாரா? கடைசி வகைதான் பெரும்பாலும் அதிகம். "உதாரணமாக இலங்கையைப் பார்க்க" என்று ஒரு வரியில் முடிந்துவிடும் மேற்கோளும், கேப்பாப்புலவு மக்கள் காணி கேட்டு நடத்திய போராட்டத்தை வைத்து ஒரு கோட்பாட்டைத் திருத்தும் மேற்கோளும் எண்ணிக்கையில் ஒன்றுதான். பயனில் ஒன்றல்ல.

படி 6: கொள்கை ஆவணங்களில் தடம் தேடுங்கள்

கொள்கை ஆவணங்களில் ஆய்வு மேற்கோள் காட்டப்படுவதைத் தேட ஓவர்ட்டன் என்ற தரவுத்தளம் இருக்கிறது. அதற்குச் சந்தா வேண்டும். கையால் செய்யும் வழி இதுதான். கூகுளில் சஞ்சிகையின் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டு, தேடலை ஐ.நா. தளத்துக்குள்ளோ உலக வங்கித் தளத்துக்குள்ளோ மட்டுப்படுத்தித் தேடுங்கள். பிறகு இலங்கை பற்றிய பெரிய ஆவணங்களை நேரே திறந்து அடிக்குறிப்புகளைப் பாருங்கள்: ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கை, ஐ.நா. தன் சொந்தச் செயற்பாட்டை ஆராய்ந்த 2012 உள்ளக மீளாய்வு அறிக்கை, மனித உரிமை ஆணையாளர் அலுவலகத்தின் 2015 விசாரணை அறிக்கை. உலக மோதல்களை ஆராயும் அமைப்பான இன்டர்நஷனல் கிரைசிஸ் குரூப்பின் இலங்கை அறிக்கைகளில் அடிக்குறிப்பு தாராளமாக இருக்கும், அங்கிருந்து தொடங்குவது எளிது.

எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். விசாரணை அறிக்கைகள் பெரும்பாலும் சாட்சியங்கள் மீதும் உத்தியோகபூர்வ ஆவணங்கள் மீதும் நிற்பவை. சஞ்சிகைக் கட்டுரை அங்கே பெயரோடு வராவிட்டாலும், எழுதிய அதிகாரி அதைப் படித்திருக்கலாம். மறுபக்கமும் உண்டு. 1947 ஜூலையில் 'ஃபொரின் அஃபெயார்ஸ்' இல் எக்ஸ் என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் அமெரிக்க இராஜதந்திரி ஜோர்ஜ் கெனன். சோவியத் ஒன்றியத்தைக் கட்டுப்படுத்தி வைப்பது என்ற அமெரிக்கப் பனிப்போர்க் கொள்கையோடு அந்தக் கட்டுரையின் பெயர் இன்றும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. அந்தத் தாக்கத்தை எந்த மேற்கோள் எண்ணும் காட்டாது, அது கொள்கை முடிவெடுக்கும் அறைக்குள் நடந்தது. ஆகவே முடிந்தால் ஆட்களிடம் கேளுங்கள். தூதரக அலுவலர், தொண்டு நிறுவனத் திட்ட முகாமையாளர், சட்டத்தரணி ஆகியோரிடம் "கடைசியாக எந்த ஆய்வுக் கட்டுரை உங்கள் வேலையில் கைகொடுத்தது?" என்று கேட்டால், சில வேளை எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத பதில் வரும்.

பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் ரெஃப் என்ற மதிப்பீட்டுக்காகத் தங்கள் ஆய்வு வெளியுலகில் என்ன மாற்றம் செய்தது என்று 2014 இலும் 2021 இலும் எழுதிக்கொடுத்த விபரங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. அங்கே இலங்கை என்று தேடி வாசியுங்கள். எங்களைப் பற்றிய ஆய்வால் என்ன பயன் விளைந்தது என்று அவர்களே உரிமை கோருவதை வாசிக்கலாம். பிறகு அந்த ஊரில் போய் அது உண்மைதானா என்று கேட்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை, உங்களுக்குத்தான் இருக்கிறது.

சமூக ஊடகத் தடத்தை ஒரு பந்தியில் முடித்துவிடுவோம். ஆல்ற்மெற்றிக் என்ற வண்ண வளையம் பல சஞ்சிகைத் தளங்களில் கட்டுரைக்குப் பக்கத்தில் தெரியும். செய்தி, விக்கிப்பீடியா, சமூக ஊடகம் எதில் பேசப்பட்டது என்று அது காட்டும். கவனம் கிடைத்ததா என்பதற்கான எண் அது, தரத்தைச் சொல்லாது. கட்டுரைக்கான இணைப்பு இல்லாமல் தமிழ்ப் பத்திரிகையில் வரும் குறிப்பு அதில் விழுவது அரிது. உதயனிலோ வீரகேசரியிலோ அந்த ஆய்வு பேசப்பட்டதா என்று நீங்களே தமிழில் தேட வேண்டும்.

படி 7: இங்கே திரும்பி வந்ததா என்று கேளுங்கள்

எந்தத் தரவரிசையும் இதை அளப்பதில்லை. நான் இதைத்தான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். ஒரு தாய் தன் பிள்ளையைத் தேடும் கதையைச் சொல்கிறார். அது கட்டுரையாகிறது, கட்டுரை எழுதியவருக்குப் பதவியாகிறது, சஞ்சிகைக்கு மேற்கோளாகிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் தொடங்கிய தொடர் போராட்டத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் எத்தனை அவர்களின் போராட்டக் கொட்டகைக்குத் திரும்பிப் போயின?

அளக்கலாம். படி 5 இல் சேர்த்த ஒவ்வொரு கட்டுரைக்கும் இவற்றைப் பாருங்கள். கட்டணமின்றி வாசிக்கத் திறந்திருக்கிறதா? அன்பேவோல் என்ற உலாவி நீட்சியைப் போட்டால் சட்டபூர்வமான இலவசப் பிரதி எங்காவது இருக்கிறதா என்று சொல்லிவிடும். தமிழில் சுருக்கம் இருக்கிறதா? வவுனியாப் பல்கலைக்கழக நூலகத்திலோ பொது நூலகத்திலோ பிரதி கிடைக்குமா? உள்ளூர் ஆய்வு உதவியாளரின் பெயர் ஆசிரியர் வரியில் இருக்கிறதா, நன்றியுரையில் இருக்கிறதா, எங்குமே இல்லையா? ஆம், இல்லை என்று நிரப்பினால் போதும், வீதம் தானாக வரும்.

அடுத்து, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றின் நிர்வாகத்தில் உள்ளவர்களிடம் கேட்கலாம்: ஆய்வு முடிந்த பிறகு யாராவது வந்து முடிவைச் சொன்னார்களா? ஏதாவது மனுவிலோ கூட்டத்திலோ அதைப் பயன்படுத்தினீர்களா? இங்கே ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டவே கூடாது. கட்டுரையில் பெயர் மறைக்கப்பட்டவர் யார் என்று தேடிப் போகாதீர்கள். "நீங்கள்தானே அந்தப் பேட்டி கொடுத்தது?" என்று ஊருக்குள் விசாரிப்பது அவரை ஆபத்தில் தள்ளும். சங்கத்தோடு பொதுவாகக் கதையுங்கள், தனியாளைத் தேடாதீர்கள், நீங்கள் யார் யாரிடம் கேள்வி கேட்டீர்கள் என்ற பட்டியலை ஃபோனில் வைத்துத் திரியாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒழுக்கக் குழுவின் அனுமதியை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

படி 8: அறிக்கை எழுதுவது

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். மூன்று வாசகர் கூட்டத்துக்கும் மூன்று பகுதி. முதல் பகுதியில் ஒரு எண் மட்டும் நிற்கக் கூடாது. குறைந்தது இரண்டு மூலத்திலிருந்து எண், அதோடு இடையம், பூச்சிய வீதம், நாட்டுப் பரவல். ஒப்பிடும்போது அதே வகையைச் சேர்ந்த இரண்டு சஞ்சிகைகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். மேற்பார்வையாளரோ தெரிவுக்குழுவோ "இம்பக்ட் ஃபக்டர் எவ்வளவு, அதை மட்டும் சொல்லு" என்று கேட்டால், 2012 இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனத்தையும் 2015 இல் வெளியான லெய்டன் அறிக்கையையும் காட்டலாம். சஞ்சிகையின் எண்ணை வைத்துத் தனிக் கட்டுரையையோ ஆளையோ மதிப்பிடக் கூடாது என்பதை டோரா நேரடியாகவே சொல்கிறது. எண் நிபுணரின் தீர்ப்புக்குத் துணையாக இருக்க வேண்டும், உள்ளூருக்குப் பொருத்தமான ஆய்வைக் காப்பாற்ற வேண்டும் என்பவை லெய்டனின் பத்துக் கொள்கைகளில் அடங்கும்.

இங்கிருந்தே சஞ்சிகை நடத்துபவர்களுக்குச் சில வார்த்தை. தமிழில் வரும் ஆய்வை ஸ்கோப்பஸ் போன்ற தரவுத்தளங்கள் அநேகமாகக் கண்டுகொள்வதில்லை, அதற்காகத் தமிழை விட வேண்டாம். தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கிலச் சுருக்கமும், உசாத்துணைப் பட்டியலுக்கு ஆங்கில எழுத்து வடிவமும், ஒவ்வொரு கட்டுரைக்கும் டி.ஓ.ஐ. என்ற நிரந்தர இணைய அடையாள எண்ணும் கொடுங்கள். தேசிய விஞ்ஞான மன்றம் நடத்தும் இலங்கைச் சஞ்சிகைகள் இணையத்தளத்தில் சேர விண்ணப்பியுங்கள், பழைய இதழ்களை நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்துக்குக் கொடுங்கள். எழுதுபவர்கள் எல்லாரும் ஓர்கிட் என்ற, ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணை எடுக்க வேண்டும். எங்கள் பெயர் ஓரிடத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடும், இன்னோரிடத்தில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகவும், திருமணத்துக்குப் பிறகு வேறாகவும் பதிவாகி, ஒருவருடைய மேற்கோள் மூன்று ஆளுக்குப் பிரிந்து கிடக்கிறது. ஓர்கிட் இலவசம், பத்து நிமிட வேலை.

தாக்கக் காரணியும் சைற்ஸ்கோரும் ஆண்டுதோறும் ஜூன் மாத அளவில் புதுப்பிக்கப்படும். அதற்குப் பிறகு ஓகஸ்டில் உங்கள் விரிதாளைத் திரும்பத் திறந்து 3 ஆம், 4 ஆம் படிகளை மட்டும் புதுப்பியுங்கள். 5 ஆம் படியிலிருந்து 7 ஆம் படி வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை போதும். அறிக்கை முடிந்ததும் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி, நீங்கள் கேள்வி கேட்ட ஒவ்வொரு சங்கத்துக்கும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்திலும் வையுங்கள், அடுத்த வருட மாணவர் அதிலிருந்து தொடங்கட்டும்.